ஊசி ஞானியின் ஐரோப்பாக் கிண்ணம்

ஐரோப்பாவில் குறைந்த செலவில் வணிகம் படிக்க எந்த நாடு நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல்கலைக்கழகங்களின் கட்டண விவரத்தைப் படிக்கலாம். அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கேட்கலாம். அறை வாடகை எவ்வளவு, எந்த மொழியில் பாடம் நடத்துவார்கள் என்று விசாரிக்கலாம். ஆனால் அதெல்லாம் மூளையை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர்கள் செய்கிற வேலை. அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

கிண்ணத்துக்குச் சொந்தக்காரர் ஊசி ஞானி. கோட்டு, டை, அதற்கு மேலே ஒரு வெள்ளைச் சால்வை. கோட்டைப் பார்த்தவர்கள் பெரிய ஆலோசகர் என்றார்கள். சால்வையைப் பார்த்தவர்கள் மகான் என்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, பணப்பையைத் திறந்தார்கள். மாடிப்படி முழுக்க வரிசை நின்றது. பட்டதாரிகள், பட்டதாரிகளைப் பெற்றவர்கள், வங்கியில் கடன் கொடுக்கிற அம்மாள், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் என்று எல்லாத் தரத்திலும் ஆள் இருந்தது. மூட நம்பிக்கையில் மட்டும் நம் மக்கள் ஏற்றத்தாழ்வு பார்ப்பதில்லை.

முறை சுலபமானது. தரைவரை தொங்கும் வெல்வெட் துணி போர்த்திய மேசை. அதன்மேல் ஐரோப்பா வரைபடம், ஞானியைப் பார்த்தபடி. வரைபடத்தின்மேல் கண்ணாடிக் கிண்ணம். தண்ணீரில் தக்கைமேல் மிதக்கும் ஊசி, முனையில் சிவப்புப் பொட்டு. மாணவன் தன் அனுமதிக் கடிதத்தின்மேல் கையை வைக்க வேண்டும். ஞானி கண்ணை மூடிக்கொள்வார். "நான் பார்த்தா விதி கூச்சப்படும்" என்று அதற்கு விளக்கமும் உண்டு. ஊசி நடுங்கும், சுற்றும், ஒரு நாட்டின்மேல் நிற்கும். நின்ற நாட்டில் உள்ள ஒரு கல்லூரியின் விண்ணப்பம் ஞானியின் இழுப்பறையிலேயே இருக்கும். விதி அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தது.

அந்த மாடிக்கு நேர் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர்தான் நம் ஆள். ஞானி வந்தபிறகு அவருக்கு நல்ல வியாபாரம். மேலே போகிறவர்கள் எல்லோரும் கீழே நின்று பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வரைபடத்தைக்கூட அவர்தான் தன் மெஷினில் அச்சடித்து, லேமினேட் செய்து, ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார். அதே படத்தை மாடியில் கிண்ணத்துக்கு அடியில் பார்த்தபோது, கை தானாகக் குவிந்தது. கீழே காகிதம், மேலே போனால் தெய்வீகம். நடுவில் பதினெட்டுப் படிதான்.

அவருக்கு ஒரே மகள். வணிக மேலாண்மை படிக்க வேண்டும் என்று பல மாதம் கணினி முன் உட்கார்ந்து நாடு நாடாக அலசியவள். போலந்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. ஆங்கிலத்தில் பாடம், தாங்கக்கூடிய கட்டணம், மாணவர் விடுதியில் அறை. அங்கே படிக்கிற நாலு பேரிடம் பேசி, குளிர்காலக் கோட்டு வாங்குவது வரை கேட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அப்பா என்ன செய்தார்? மகள் கணக்குப் போட்டதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம் என்று கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். ஊசி ஒரு சுற்றுச் சுற்றி வலது பக்கக் கீழ் மூலைக்குப் போய் நின்றது. சைப்ரஸ்.

"போலந்து உங்க பொண்ணை விழுங்கிடும் அண்ணே" என்றார் ஞானி, கண்ணைத் திறக்காமலே. "சைப்ரஸ்தான் கூப்பிடுது."

சைப்ரஸில் நல்ல பல்கலைக்கழகங்கள் இல்லாமல் இல்லை. ஞானியின் ஊசிக்கு அவை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இழுப்பறையிலிருந்து வெளியே வந்த விண்ணப்பத்தில், போலந்தைப்போல நாலு மடங்கு கட்டணம் இருந்தது. இடம் பிடித்து வைக்க முன்பணம் உடனே ஞானியிடம் கட்ட வேண்டுமாம்.

ஜெராக்ஸ்காரர் இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னார். மகள் கத்தவில்லை. காகிதக் கட்டை மெஷினில் செருகிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்ப்பா, நான் இத்தனை மாசமா சொன்னப்போ எல்லாம் சரி சரின்னீங்களே?"

"சரிதான்மா. இருந்தாலும் பெரியவர் சொல்றார்ல."

"அவர் சொல்லலையே, ஊசிதானே சொல்லுது."

"நாளைக்கு உனக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

"சைப்ரஸ்ல ஏதாவது ஆச்சுன்னா ஊசியைக் கேப்பீங்களா?"

அவர் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் காகிதக் கிளிப் டப்பாவை எடுத்துத் திறந்தார், மூடினார். இந்த ஊரை விட்டு வெளியே போய்ப் பழக்கமில்லாத மனுஷன். பெண் போகப் போகிறாள் என்று நினைக்கவே முடியவில்லை. யாராவது ஒருவர், ஏதாவது ஒன்று, இது சரி என்று உறுதியாகச் சொன்னால் தேவலை என்று இருந்தது. இந்த இடத்தில்தான் எல்லா ஞானிகளும் கடை போடுகிறார்கள்.

"சரி, நானே வரேன்" என்றாள் மகள். "என் விதிதானே. என் முன்னாடியே பாக்கட்டும். ஆனா ரெண்டு தடவை பாக்கணும். ரெண்டு தடவையும் ஒரே நாடு வந்தா நான் வாயைத் திறக்காம அங்கயே போறேன். விதி மாறாதுல்ல?"

நியாயமாகத்தான் பட்டது அவருக்கு.

வியாழக்கிழமை மாடி நிரம்பி வழிந்தது. பஸ் டிரைவரும் வந்திருந்தார். அவர் மகனுக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்திருந்தது. ஊசி சைப்ரஸ் என்றதும் அந்தக் கடிதத்தை வேண்டாம் என்று எழுதிப் போட்டவர். மகன் போய்ச் சேர்ந்த கல்லூரி, ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே வாடகை அறை. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம், வாத்தியார் இன்னும் வரவில்லையாம். அதற்கு என்ன பரிகாரம் என்று கேட்கத்தான், பாவம், அதே வரிசையில் மறுபடி நின்றுகொண்டிருந்தார்.

மகள் கடிதத்தின்மேல் கையை வைத்தாள். ஞானி கண்ணை மூடினார். ஊசி போய் சைப்ரஸில் நின்றது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"இன்னொரு தடவை பாத்துடலாமா ஐயா? மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

"நூறு தடவை பாரும்மா" என்றார் ஞானி. கூட்டம் பெருகியிருந்தால் அவருக்குத் தாராளம் வந்துவிடும். மறுபடி கண்ணை மூடினார்.

மகள் கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். வரைபடத்தின் ஓரத்தைப் பிடித்து, கிண்ணத்தோடு சேர்த்து, மெதுவாக அரை வட்டம் திருப்பினாள். வடக்கு தெற்காயிற்று, கிழக்கு மேற்காயிற்று. ஜெராக்ஸ்காரருக்குத் தடுக்கலாமா என்று கை எழுந்தது. எழுந்த கை அந்தரத்திலேயே நின்றது.

ஊசி நடுங்கியது, சுற்றியது. முன்பு நின்ற அதே வலது பக்கக் கீழ் மூலைக்குப் போய் நின்றது. அங்கே இப்போது நாடு எதுவும் இல்லை. வெறும் கடல்.

"சைப்ரஸ்" என்றார் ஞானி, மூடிய கண்ணோடு. "சந்தேகமே வேண்டாம்."

முதலில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மாடிப்படி வரை சிரிப்பு இறங்கியது. ஞானி கண்ணைத் திறந்தார். தலைகீழாகக் கிடந்த ஐரோப்பாவைப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் இருள் வந்து போனது. ஆனால் தொழில் கற்றவர் அல்லவா.

"கடலைக் காட்டுதுன்னா என்ன அர்த்தம்? பொண்ணு கடல் கடந்து போவான்னு அர்த்தம்."

"அதுவும் சரிதானே" என்றார் வங்கிக்கார அம்மாள். நாலைந்து தலைகள் ஆடவும் செய்தன. ஆட்டுகிற தலைகளுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை.

"அப்படியா? கடலுக்கு நடுவுல எந்தக் காலேஜ் ஐயா குறைஞ்ச செலவு?" என்று கேட்டுக்கொண்டே மகள் கிண்ணத்தைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். ஊசி சோம்பலாகத் திரும்பி வடக்கைப் பார்த்து நின்றது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த காந்த ஊசி, வேறெதுவும் அறியாத அப்பாவி. "இங்க விதி மாறிடுச்சு பாருங்க. மேசைக்கு அடியில அப்படி என்னதான் இருக்கு?"

கிண்ணத்தைப் பிடுங்க ஞானி பாய்ந்து எழுந்தார். குறுக்கே நின்ற ஜெராக்ஸ்காரர்மேல் மோதினார். கிளிப் டப்பா தெறித்து விழுந்து, தரையெல்லாம் கிளிப் சிதறியது. தடுமாறிய ஞானி வலது முழங்காலை ஊன்றி எழுந்தார்.

எழுந்தபோது முழங்காலில் கிளிப்புகள் கொத்தாகத் தொங்கின. தட்டினார், விழவில்லை. உதறினார், இன்னும் இரண்டு வந்து ஒட்டின.

பஸ் டிரைவர் குனிந்து கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தார். துணிக்கு உள்ளே பட்டையால் கட்டிய காந்தம், உள்ளங்கை அளவு. அவர் கையை எடுக்கவில்லை. "என் பையனோட ஜெர்மனியை இதை வச்சா தூக்கிப் போட வச்சே?" என்று கேட்டார். சால்வை கீழே கிடந்தது. ஞானி தன் கோட்டுப் பையிலிருந்த முன்பணத்தையெல்லாம் மேசையில் வைக்கும்வரை வாசலில் நின்ற கூட்டம் வழி விடவில்லை.

ஜெராக்ஸ்காரர் மகளோடு கீழே வந்தார். கணினியைப் போட்டார். போலந்துக்கு வருகிறேன் என்று அவள் உறுதி சொன்ன பக்கத்தை அவரே அச்சடித்தார். காகிதம் சூடாக வெளியே வந்தது.

"பயமா இருந்துச்சும்மா" என்றார். "உன்னை அனுப்ப பயம். அதைச் சொல்ல வெக்கம். அதான் மேல போனேன்."

"பயம்னா பயம்னு என்கிட்ட சொல்லுங்கப்பா. எனக்கும்தான் இருக்கு."

அப்போது வங்கிக்கார அம்மாள் கடைக்குள் வந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் அவ்வளவு பக்தி.

"உனக்கு ஏதோ சக்தி இருக்கும்மா. அந்தாளையே பிடிச்சிட்டியே. என் பையனுக்கு எந்த நாடுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். கொட்டை எழுத்தில் எழுதினார், லேமினேட் செய்தார், கடை வாசலில் ஒட்டினார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது:

'இங்கே எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துத் தரப்படும். மூளைக்கு மட்டும் கிடையாது. அவரவர் சொந்தமாகக் கொண்டு வரவும்.'