ரம்பத்தை விசாரித்த ஏட்டையா

தென்காசியில் ரம்பம் வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் ரம்பத்தை நிறுத்திவைத்துக் குறுக்கு விசாரணை செய்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். நாங்கள் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். தெருவுக்கு அவர் 'ரம்ப ஏட்டையா'.

காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றதும் மற்றவர்கள் மாடு வாங்குவார்கள், மனை வாங்குவார்கள். இவர் ஒரு பேண்ட்சா மிஷின் வாங்கி, கார் ஒருநாளும் நின்றிராத கார் ஷெட்டில் நிறுத்திவிட்டார். ஆளுயர இரும்புப் பெட்டி. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. கட்டையைத் தள்ளினால் அறுக்கும். மற்றவர்களுக்கு அவ்வளவுதான். இவருக்கு அது காவல் நிலையம்.

அவர் மரம் அறுத்து நான் பார்த்ததைவிட, பட்டையைக் கழற்றி மாட்டிப் பார்த்ததே அதிகம். பென்சில் கோட்டை விட்டு ரம்பம் ஒரு நூல் விலகினால் போதும், சுவிட்சை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"ஏலே, கோடு எங்கன கெடக்கு? நீ எங்கன போறே?"

பட்டை பேசாது.

"வாயத் தொறக்க மாட்டேங்கியா? சரி, ஒன் கூட்டாளியக் கேக்கேன்" என்று, பட்டையை இருபக்கமும் ஆடாமல் பிடித்திருக்கும் கைடுகளைக் கழற்ற ஆரம்பிப்பார்.

சாயங்காலம் விசாரணை முடிந்ததும் மேலே உள்ள திருகைச் சுற்றிப் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுவார். "ராவெல்லாம் வெறச்சு நிக்க இதென்ன பாரா டூட்டியா? அதுவும் செத்த ஒறங்கட்டும்." குற்றவாளியிடம்கூட ஒரு நியாயம் உண்டு அவருக்கு.

அந்த ஷெட்டுக்குள் என் கவலை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். கணவருக்குப் பெங்களூரில் வேலை. நானும் மகளும் இங்கே. அவளுக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை. சுவரைப் பிடித்து நிற்பாள், பிடியை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். "சில பிள்ளைங்க மெதுவாத்தான் நடக்கும், பாக்கலாம்" என்றார் டாக்டர். அந்தப் 'பாக்கலாம்' என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நான் அவளை அதிகம் தூக்கிவிட்டேனோ? கேழ்வரகைத் தாமதமாக ஆரம்பித்தேனோ? தினமும் மாமியார் போன் செய்வார். "நடந்துட்டாளா?" வரவேண்டிய பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதைப் போன்ற குரல்.

ஒருநாள் மாடிப்படியில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஏட்டையா பார்த்துவிட்டார்.

"எதுக்கு அழுதே தாயி? நடவண்டி ஒண்ணு செஞ்சு தாரேன். அதப் பிடிச்சுக்கிட்டே பிள்ள ஓடிரும்லா."

"உங்களுக்கு எதுக்கு சிரமம் ஏட்டையா, கடையிலயே வாங்கிக்கிடுதேன்."

"கட வண்டியா? அதுல எந்த ஆணி எங்கன நீட்டிக்கிட்டு இருக்குன்னு கடக்காரனுக்கே தெரியாதே."

அவ்வளவுதான். அதன்பிறகு என் கண்ணுக்கு ஊரிலுள்ள எல்லா நடைவண்டிகளிலும் ஆணி நீட்டிக்கொண்டு நின்றது. ஏட்டையாவையே நம்பினேன்.

நடைவண்டிக்கு மூன்று சக்கரம். அகலப் பட்டை நேராகத்தான் போகும், வளையாது. வட்டம் வெட்ட ஒடுக்கமான பட்டை வேண்டும். புதுப் பட்டை சுருளாகச் சுருட்டிக் கம்பியால் கட்டி வந்து சேர்ந்தது. கையுறை போட்டு, முகத்தை விலக்கி, மெதுவாகப் பிரிக்க வேண்டுமாம். ஏட்டையா கம்பியைப் பட்டென்று வெட்டினார். சுருள் ஒரு துள்ளுத் துள்ளி விரிந்து, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கருவேப்பிலை மரத்தில் போய்த் தொங்கியது.

"ஓடிருச்சு! மறிங்க, மறிங்க!"

பால் வாங்கப் போய்க்கொண்டிருந்த ஒருவர் உண்மையிலேயே சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஏட்டையா அதைத் துண்டால் சுற்றி, கையைப் பின்னால் முறுக்கியது போலப் பிடித்து, தெரு வழியாக நடத்திக்கொண்டு வந்தார்.

மாட்டினார். ஓட்டினார். கட்டை அறுபடவில்லை, புகைந்தது. அவர் இன்னும் அழுத்தித் தள்ளினார். இன்னும் புகைந்தது. எதிர்வீட்டார் குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள்.

"ஒத்துழைக்க மாட்டேங்குது" என்றார் ஏட்டையா, இருமிக்கொண்டே.

அவருடைய மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தார். நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். "பல்லு மேல பாத்து இருக்கு. கீழ பாத்துல்லா இருக்கணும். அருவாமணைய முதுகப் பிடிச்சு வச்சா காய் அறுபடுமா?"

ஏட்டையா பட்டையைக் கழற்றி ஒரு பக்கம் திருப்பினார். பல் முதுகுப்பக்கம் போயிற்று. இன்னொரு பக்கம் திருப்பினார். மறுபடி மேலே பார்த்தது. கடைசியில் சட்டையைப் புரட்டுவது போல உள்பக்கத்தை வெளியே புரட்டிய பிறகுதான் வழிக்கு வந்தது. "மாத்தி வாக்குமூலம் குடுத்திருக்கு, ராஸ்கல்" என்றார்.

அடுத்தது டிக்கெட் படலம். கைடுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு காகிதக் கனம் இடைவெளி இருக்க வேண்டும். எந்தக் காகிதம் என்று யாரும் சொல்லவில்லை. குற்றாலம் பஸ் டிக்கெட்தான் அந்தக் கனம் என்று ஏட்டையா முடிவு செய்துவிட்டார். அது சாரல் காலம். ஊரே துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. இவர் குற்றாலத்தில் இறங்கி, எதிரே நின்ற பஸ்ஸில் ஏறி, தலை நனையாமல் திரும்பி வருவார். போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். இரண்டு பக்கக் கைடுக்கும் கணக்குச் சரி.

"தண்ணி நல்லா விழுதா ஏட்டையா?" என்று தெருவில் கேட்பார்கள்.

"பாக்கலியே."

இத்தனைக்குப் பிறகும் சக்கரம் வட்டமாக வரவில்லை. கடித்த அதிரசம் போல வந்தது. நசுங்கிய கிண்ணம் போல வந்தது. அத்தை அவற்றைப் பானை மூடியாக்கப் பார்த்தார். எந்தப் பானைக்கும் அந்த வடிவம் இல்லை. ஏட்டையா தரையைச் சந்தேகப்பட்டார், மட்டம் பார்த்தார். கரண்ட்டைச் சந்தேகப்பட்டார். சாரலின் ஈரத்தைச் சந்தேகப்பட்டார். பட்டையை மட்டும் விடவே இல்லை. "ஆடுது தாயி. ஓடும்போது ஆடுது. நான் கண்டுபிடிச்சிருவேன்."

வெயில் என்பதே மறந்துபோன நாட்கள் அவை. துணி காயாது. மகளுடைய துணிகளை அந்த ஷெட்டுக்குள்தான் கொடி கட்டிப் போட்டிருந்தேன், அவையும் ஈரமும் மரத்தூளுமாகத் தொங்கின. நாத்தனார் பிள்ளை ஓடும் வீடியோ வந்தது. அவனுக்கும் இவள் வயதுதான். பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இனிக் கடையில் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று படியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு, மகளை இடுப்பில் வைத்துக் கீழே இறங்கினேன்.

ஷெட்டுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆறிப்போன சாப்பாட்டுக்காக அத்தை வந்திருந்தார்.

"பிளேடு சரியில்லட்டீ. எத்தன தடவ சொல்லுதேன்?"

"நல்ல பிளேட்டக் குத்தம் சொல்லிக்கிட்டு... தள்ளுங்க அங்கிட்டு!"

அத்தை அதுவரை அந்த மிஷினைத் தொட்டதே இல்லை. ஏட்டையா நேர்கோடு போட்டு வைத்திருந்த கட்டையை வாங்கி, இட்லித் தட்டைக் கொப்பரைக்குள் இறக்குகிற நிதானத்தோடு ரம்பத்துக்குள் தள்ளினார். கட்டை கோட்டோடு இரண்டாகப் பிளந்தது. ஒரு நூல்கூட விலகவில்லை.

மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஏட்டையா கையை நீட்டினார். அப்போதுதான் பார்த்தேன். சுவிட்சைத் தொடும்வரை அவர் விரல்கள் நடுங்கின. தொட்ட பிறகும் நடுங்கின.

மறுநாள் அத்தை மாடிக்கு வந்தார். என் சமையலறையில் நின்றுகொண்டு, அடுப்பைப் பார்த்தே பேசினார். "எனக்குத் தெரியும் தாயி. அவுக சாம்பார ஊத்தும்போது சோத்துல ஊத்த மாட்டாக, சுத்தி ஊத்துவாக. தெரிஞ்சிருந்தும் கோவத்துல செஞ்சுட்டேன். நான் கோணலா வெட்டியிருக்கணும்."

அதன்பிறகு ஷெட்டிலிருந்து சத்தமே வரவில்லை. பட்டையை யாரும் இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. ஏட்டையா நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடைவண்டியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. கடையில் வாங்கவும் மனம் வரவில்லை. வாங்கி வந்தால் அது அவர் கண்ணெதிரே அல்லவா ஓடும்? வாங்காவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறேனோ? இரண்டு பக்கமும் யோசித்து ஒன்றுமே செய்யாமல் இருந்தேன்.

ஒரு காலையில் ரம்பம் உறுமியது. பதறிப்போய்க் கீழே ஓடினேன். அந்த விரல்களோடு அவர் அந்தப் பல்லுக்கு முன்னால்! போய்ப் பார்த்தால், மிஷின் மேசையில் ஒரு பலகையை அசையாமல் முடுக்கியிருந்தார். பலகையில் ஒரு ஆணி. வெட்ட வேண்டிய கட்டையின் நடுப்புள்ளி அந்த ஆணியில் குத்தி நின்றது. அவர் கட்டையைத் தள்ளவே இல்லை. பல்லிலிருந்து விலகி இருந்தே, ஆணியைச் சுற்றி மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. ஆணி நடுங்கவில்லை. வட்டமான சக்கரம் ஒன்று கழன்று விழுந்தது.

"கேஸ் முடிஞ்சது தாயி. பிளேடு நிரபராதி. குத்தவாளி இந்தா இருக்கான்" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். "உள்ள வைக்க முடியாது, எனக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்ல. ஆணியக் காவலுக்குப் போட்டு ஜாமீன்ல விட்டிருக்கேன்."

சிரித்தேன். சிரித்திருக்கலாமா என்று இன்றும் தெரியவில்லை. அவரும் சிரித்தார்.

வண்டி வந்த அன்றே மகள் நடந்தாள் என்று எழுதத்தான் ஆசை. நடக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். ஏட்டையா அதற்கும் வண்டியைத்தான் விசாரித்தார். சாரல் ஓய்ந்து, துணி காய ஆரம்பித்த ஒரு நாளில், யாரும் சொல்லாமலே ஷெட்டிலிருந்து வாசல் கேட் வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போனாள். "ஏட்டி, எங்கன போறே? நேரா போ!" என்று பின்னாலிருந்து ஓர் அதட்டல். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் கோணலாகப் போனாள். மாமியாருக்கு அன்று நானே போன் செய்தேன்.

இப்போது மகள் ஓடுகிறாள். ஏட்டையாவால்தான் முடியவில்லை. நடுக்கம் காலுக்கும் இறங்கிவிட்டது. ரம்பத்தை யாரும் ஓட்டுவதில்லை. ஆனாலும் சாயங்காலம் தெருமுனை வரை அவரை நான் நடத்திக் கூட்டிப் போகும்போது, தவறாமல் கேட்பார்.

"தாயி, பட்டையத் தளத்திட்டியா?"

"தளத்திட்டேன் ஏட்டையா. ஒறங்குது."

அவர் தலையாட்டிக்கொள்வார். மகள் முன்னால் ஓடிவிடுகிறாள், லாரி ஏதும் வருகிறதோ என்று எனக்குப் பதற்றம். அவர் கை என் கைக்குள் இருக்கிறது. நடுங்குவது யாருடைய கை என்று நாங்கள் இருவருமே விசாரிப்பதில்லை.