கப்பல் காசைத் தின்ற கார்

பீரங்கி இல்லாமலே சைகோனில் ஒரு தெருவையே தரையில் படுக்க வைத்த மனிதர் எங்கள் டமார் நானா ஒருவர்தான்!

காரைக்கால்காரர். டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நானும் அவரும் துணி கிழித்துக்கொண்டிருந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவசரமாகக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து பழைய கார் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டார் நானா.

"நமக்கு எதுக்கு நானா காரு?" என்றேன்.

"ஊர்லேர்ந்து என் பொண்டாட்டி ஜொகரா கப்பல்ல வந்து எறங்குவா. அவள சைக்கிள் ரிக்‌ஷாவுலயா ஏத்திக்கிட்டு வரச் சொல்றே?"

நியாயம்தான். ஆனால் ஜொகராவின் கப்பல் டிக்கெட்டுக்கு மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் அந்தக் கார் தின்றது. முதல் மாதம் ரேடியேட்டர். அடுத்த மாதம் கிளச். அதற்கப்புறம், ஓடும்போதே ஒரு கதவு கழன்று மீன்காரியின் கூடைமேல் விழுந்தது. கதவுக்கும் காசு கொடுத்தார், மீனுக்கும் கொடுத்தார். சீனர்கள் வாழும் சோலோன் பேட்டையில் ஒரு சீன மெக்கானிக் இருந்தார். பானெட்டைத் திறந்ததும் பெருமூச்சு விடுவார். மூச்சின் நீளத்தை வைத்தே நானா தொகையைச் சொல்லிவிடுவார்.

"இது ஐந்நூறு பியாஸ்தர் மூச்சு தம்பி. இந்த மாசமும் ஜொகரா வரல."

எதைச் சரிசெய்தாலும் சைலன்சர் மட்டும் சொன்னபடி கேட்காது. திடீரென்று 'டமார்!' என்று வெடிக்கும். ஊரில் நிஜத் துப்பாக்கிச் சண்டை நடந்த நாட்கள்! ஒட்டுமொத்தத் தெருவும் குப்புற விழும். நூடுல்ஸ் விற்பவர் தன் வண்டிக்கடியில் புகுந்துகொள்வார். நானா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "பார்தோன்! பார்தோன்!" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போவார்.

இப்படியே மூன்று வருஷம். ஒருநாள் தந்தி வந்தது. பொறுத்துப் பார்த்த ஜொகரா, வளையலை விற்றுத் தானே டிக்கெட் எடுத்துக் கப்பலேறிவிட்டார்!

கப்பல் வரும் நாளன்று நானா கோட்டு மாட்டினார், அத்தர் பூசினார். காருக்கும் பூசினார். என்னையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். துறைமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால் ராணுவக்காரர்கள் கை காட்டினார்கள். பிரேக்கை மிதித்தார்.

டமார்!

எட்டுத் துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. எனக்கு உயிரே இல்லை. நானா இரண்டு கைகளையும் தூக்கி, தந்தியை ஆட்டி, "மா ஃபாம்! மா ஃபாம்! என் பொண்டாட்டி வர்றா!" என்று அலறினார். அதிகாரி தந்தியைப் படித்தார். நானாவின் கோட்டைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நின்றுபோன காரைத் தள்ள நாலு சிப்பாய்களையும் அனுப்பிவைத்தார்.

பெட்டியோடு நின்றிருந்த ஜொகரா கண்டது அதைத்தான்: நாலு சிப்பாய்கள் தள்ள, ஸ்டீரிங்குக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வரும் புருஷன்.

"இந்தக் காருக்காகவா மச்சான் என்னை மூணு வருஷம் காக்க வச்சிய?"

சிப்பாய்கள் போய்விட்டார்கள். ஜொகரா பெட்டியைப் பின்சீட்டில் போட்டார், முந்தானையைச் செருகினார், காருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நீங்க ஸ்டீரிங்கப் புடிங்க. நான் தள்ளுறேன்."

"நீ போய் ஒக்காரு புள்ள!" என்று கீழே குதித்தார் நானா.

யாரும் உட்காரவில்லை. ஜன்னல் வழியே ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அவர் முன்னால் தள்ள, நானும் ஜொகராவும் பின்னால் தள்ள, டோங் டு தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். என் தோள்பட்டை இரண்டு வாரம் வலித்தது.

நானா கூப்பிட்டால், இந்த வயதிலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.