தோற்றுவிட்டார் என்று நான் கட்டிய மூட்டை

வராத கஷ்டத்துக்கு முன்கூட்டியே அழுது முடித்துவிடுகிற ரகம் நான். குழந்தை ஒரு தும்மல் போட்டால் என் மனசு நிமோனியா வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். (திரும்பிய பிறகும் நெற்றியை இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பேன்.) இந்தக் குணத்தால் ஒருநாள் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு கிளப்பே என் வீட்டு வாசலில் கூடி நின்றது.

உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. என் கணவர் அந்தக் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மார்க்கர். துரைகள் ஆடும்போது பாயிண்டுகளை உரக்க எண்ணிச் சொல்வதும், ஜோடி கிடைக்காத துரையோடு தானே ஆடுவதும் அவர் வேலை. கிளப்புக்குப் பின்னால் ஒன்றரை அறையில் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். பில்லியர்ட்ஸ் ஹாலுக்குள் பெண்கள் காலெடுத்து வைக்கக்கூடாது. ஆகவே வேலூரிலிருந்து வந்து இரண்டு வருஷமாக நான் அறிந்ததெல்லாம், ஜன்னல் வழியாக வரும் பந்துச் சத்தமும் அதன் பின்னாலேயே எண்களைச் சொல்லும் அவர் குரலும்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கன்னடம். எனக்கு ‘ஊட்டா ஆய்த்தா’ மட்டும் தெரியும். சாப்பிட்டாயா என்று ஒருத்தியை ஒரே நாளில் எத்தனை முறைதான் கேட்பது? மீதிப் பேச்சையெல்லாம் எட்டு மாதக் குழந்தையிடம் பேசித் தீர்த்துக்கொள்வேன். அது தலையாட்டும். எல்லாவற்றுக்கும் ஆட்டும்.

அந்தச் சமயத்தில் மதராஸிலிருந்து ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் வந்தார். கிளப் செக்ரட்டரி துரைக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவரும் என் கணவரும் எழுநூறு பாயிண்டுக்கு ஆட வேண்டும், ஜெயிப்பவர்தான் இனி மார்க்கர் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும்.

போட்டி நாளன்று காலை ஆட்டம் முடிந்து இவர் சாப்பிட வந்தார். மீதி ஆட்டம் மூன்று மணிக்கு.

“எவ்வளவுங்க?”

“அவன் ஐந்நூத்தி இருபது. நான் இருநூத்தி நாப்பது.”

“மூணு மணிக்கு மேல பிடிச்சிடலாமே?”

“அவன் தப்பு பண்ணாத்தானே, பிலோ, எனக்கு முறை வரும்? காலையில பாதி நேரம் நாற்காலியிலேதான் உக்காந்திருந்தேன்.” (பிலோ நான்தான்.)

ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழுந்தார். தைரியம் சொல்ல வேண்டிய நேரம். நான் கேட்டேன்: “தோத்தா வீட்டை இன்னிக்கே காலி பண்ணணுமா, நாளைக்கா?” (இதைவிட நல்ல வார்த்தைகள் பிறகு இருநூறு தடவையாவது எனக்குத் தோன்றியிருக்கின்றன.)

“சாயங்காலம் பேசிக்கலாம்,” என்று போய்விட்டார்.

மூன்று மணிக்குக் குழந்தை அழுதது. சமாதானப்படுத்திவிட்டு ஜன்னலண்டை வந்தபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. இவர் ஆடுவதால் அன்று எண்ணிச் சொன்னவர் உதவி மார்க்கர் இஸ்மாயில் பாய். முப்பது. நாற்பத்திரண்டு. அறுபது. பந்து நிற்கவே இல்லை. ஒரே முறையில் யாரோ ஆடிக்கொண்டே போகிறார். யாராக இருக்கும்? மதராஸ்காரர்தான். இவர்தான் பாவம், நாற்காலியில் இருக்கிறாரே.

நூற்றைம்பது. நூற்றெண்பது. ஐந்நூற்று இருபதோடு கூட்டினேன். சரியாக எழுநூறு. அப்போது ஒரு பெரிய கைதட்டல் வேறு. பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள் நான். கூட்டல் அன்றும் சரிதான். யார் கணக்கில் கூட்டினேன் என்பதுதான் தப்பு.

கைதட்டலுக்குப் பிறகும் பந்துச் சத்தம் வந்தது. ஆட்டம் முடிந்தபின் ஜெயித்தவர் துரைகளுக்கு வித்தை காட்டி ஆடுவது அங்கே வழக்கம். அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். காலி பண்ணுங்கள் என்று இன்னொருவர் வாயால் இவர் கேட்கக்கூடாது. ஒரு நல்ல மனைவி செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கினேன்.

பாத்திரங்களைச் சாக்கில் போட்டேன். பீங்கான் கோப்பைகளை இவருடைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். மெத்தையைச் சுருட்டிக் கட்டினேன். அடுப்பை அணைத்து மெழுகினேன். மிச்ச விறகைத் தோட்டக்காரர் வீட்டில் கொடுத்தேன். அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் “ஊட்டா ஆய்த்தா” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். பிறகு ஒரு ஜட்கா பிடித்தேன்.

“எங்க தாயி?” என்று தமிழிலேயே கேட்டார் வண்டிக்காரர்.

“ஸ்டேஷனுக்கு.”

“எந்த ரயிலுக்கு?”

அதை நான் யோசிக்கவே இல்லை. “எது முதல்ல வருதோ அதுக்கு.”

“வீட்டுக்காரரு?”

“உள்ள தோத்துட்டு இருக்கார். வந்துடுவார்.”

குழந்தையோடு மூட்டைமேல் உட்கார்ந்தேன். அந்த ஊரில் என்னை வழியனுப்ப ஒருத்தரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குதிரைகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கிளப்பின் பின்கதவு திறந்தது. ஒரு பெரிய கூட்டம் எங்கள் வீட்டை நோக்கி வந்தது.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். “தோத்த மாதிரி தெரியலையே தாயி. மாலை போட்டிருக்காரு.”

முன்னால் ஓடிவந்தவர் இஸ்மாயில் பாய். “அம்மா, ஜெயிச்சிட்டாரு. வந்ததும் ஒரே முறையில நூத்தித் தொண்ணூத்தாறு. கடைசியில இவரு எழுநூறு, மதராஸ்காரரு அறுநூத்தி எண்பத்திமூணு. துரை உங்க கையில ஒரு காபி வேணுங்கறாரு, அடுப்பை மூட்டுங்க.”

சொல்லிவிட்டுத்தான் ஜட்காவைப் பார்த்தார். “இது என்னம்மா?”

கோப்பைகள் டிரங்கின் அடியில். டிரங்கு மெத்தையின் அடியில். மெத்தைமேல் நான். செக்ரட்டரி துரை தொப்பியைக் கழற்றி ஏதோ விசாரித்தார். நான் வாங்கிய பரிசுகளில் ஆங்கிலத்துக்கும் ஒன்று உண்டு. அவ்வளவு ஆங்கிலத்திலிருந்தும் எனக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: “வீட்டைச் சுத்தமாக விட்டிருக்கிறோம், சார்.”

அவர் சிரித்தார். பின்னால் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டேதான் மாலையைக் கழற்றி மூட்டைகளை இறக்கினார்.

எல்லோரும் போனபின் மெத்தைக் கயிற்றை அவிழ்த்தபடி கேட்டார். “ஜன்னலாண்டதானே இருந்தே? ஆடறது நான்னு தெரியலையா, பிலோ?”

“உங்க குரல் எனக்குத் தெரியும். நீங்க அடிக்கிற பந்து எப்படித் தெரியும்?” என்றேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது சீக்கிரமாக மனம் தளர்ந்தால், “ஜட்கா வந்தாச்சா?” என்பார்கள். என் மகன்கூடச் சொல்கிறான், அன்று என் மடியில் தூங்கியவன்.

மறுநாளிலிருந்து இவர் ஆடும் முன் கோலின் அடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். ‘ஆடறது நான்தான்’ என்று எனக்குச் சொல்வதற்காக. மதராஸ்காரரையே மடக்கியவர் தட்டுகிறாரே, இதில் ஏதோ ராசி இருக்கிறது என்று துரைகளும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். இப்போது அந்த ஹாலில் எல்லோருமே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஆடுகிறார்கள். யார் ஆடுகிறார் என்று எனக்கு மறுபடியும் தெரிவதில்லை.