சுவரோரத்துச் சிவப்பு

"இது என் செடியே இல்ல!"

வாயில் பல் தேய்த்த நுரையோடு சுவரோரம் நின்று கத்தினார் கண்ணாடிக்கடைக்காரர். நேற்று மாலை வரை திராட்சைச் சிவப்பாக இருந்த ஹியூகெரா இன்று பச்சையாக இருந்தது.

ஹியூகெராவைப் பெரும்பாலும் பூவுக்காக வளர்ப்பதில்லை; இலைக்காகத்தான். சிவப்பு, செம்பு, எலுமிச்சை மஞ்சள் என்று வகைக்கு ஒரு நிறம். காலையில் வெயில், மதியத்தில் நிழல், தண்ணீர் தேங்காத மண். அதற்கு மேல் அது எதுவும் கேட்காது. மரத்தடியில் சுவரை ஒட்டிய அந்த இடம் அதற்காகவே அளந்து வைத்தது போலிருந்தது.

"மண்ணப் பாரு, புதுசா கிளறியிருக்கு. பக்கத்து வீட்டு ஆள்தான் மாத்தி வெச்சுட்டான்!"

"பூனை கிளறியிருக்கும்," என்றாள் மனைவி. "முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணிக்குங்க."

"என் கண்ணையா? சிவப்பா பச்சையான்னு ஊருக்கே சொல்றவன்டி நான்!"

உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். அங்கே கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் கண் பரிசோதனைக்கு இவர் கடைக்குத்தான் வருவார்கள். கடையின் பாதிப் பிழைப்பே அதுதான்.

அன்றே சுவர்மேல் மூங்கில் தட்டி ஏறியது. சில வாரங்களில் அந்த வரிசையில் இருந்த அடுத்த செடியும் பச்சை தட்டியது.

"பாத்தியா! தட்டியைத் தாண்டியும் வர்றான்!"

தட்டி போய்த் தகரம் வந்தது. செம்பு நிறச் செடியும் பச்சையானது. தகரத்தின் மேல் இன்னொரு தகரம் ஏறியது. மிச்சமிருந்ததும் பச்சையானது.

கடைசியில் தெருவில் வைத்தே கேட்டுவிட்டார். "ஏன்யா, வெக்கமா இல்ல? ஒரு தோட்டத்தையே மாத்திட்டியே!"

டிரைவிங் ஸ்கூல்காரர் நிதானமாகச் சொன்னார். "சிவப்புக்கும் பச்சைக்கும் தகராறு பண்றவர்கிட்ட என் பசங்கள எந்த தைரியத்துல சார் அனுப்புறது? நாளைக்கு சிக்னல்ல நிக்கணுமே அவங்க!"

மறுநாளிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் கடையில் ஈ ஓட்டினார்.

தாங்க முடியாமல் மனைவி நர்சரிக்கார அம்மாவைக் கூட்டி வந்தாள். அந்த அம்மா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"யாரும் மாத்தல சார். வெயில் உறைக்கும்போது இலை தனக்குத்தானே பிடிச்சுக்கிற குடைதான் இந்தச் சிவப்பு. நீங்க தகரத்தால வெயிலையே அடைச்சிட்டீங்க. அப்புறம் குடை எதுக்கு? மடக்கி வெச்சிடும். பச்சைதான் மிஞ்சும்."

"அப்ப முதல் செடி? அப்ப தகரமே இல்லையே! அதுவும் ஒரே ராத்திரியில..."

"அதான் மரம் இருக்கே," என்று மனைவி முந்திக்கொண்டாள். "போய் மன்னிப்பு கேளுங்க. கடை திறந்திருக்கணுமா வேணாமா?"

தகரத்தை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே பிடுங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவிங் ஸ்கூல்காரர் கை கட்டி நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்க சார். என் கண்ணுல... என் புத்தியிலதான் கோளாறு."

"விடுங்க சார், மனுஷனுக்கு மனுஷன் இது கூடவா பொறுத்துக்க மாட்டேன்? நாளைக்கே பசங்கள அனுப்புறேன்," என்றார் அவர், பெருந்தன்மையாக.

அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னல் திறந்தது. அவருடைய மாமியார் உற்சாகமாக எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, வெளிச்சம் வந்துடுச்சு! நீங்க சுவரேறிக் கொண்டாந்த சிவப்புச் செடிய இனிமே ஜன்னல்லயே வைக்கட்டுமா? பாவம், இருட்டுல அதுவும் பச்சையாயிட்டு வருது!"