கொசு மருந்தும் தறிக்குழித் தேரையும்

கொல்வதற்கென்றே அரசாங்கத்திடம் தினக்கூலி வாங்கிக்கொண்டு, கொல்லப் போன இடத்திலெல்லாம் "உள்ள யாராவது இருந்தா வெளிய வந்துடுங்கபா!" என்று கூவிவிட்டுக் காத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவுக்கு மலேரியா மருந்து அடிக்க வந்தவர். பெயர் யாருக்கும் தெரியாது. அடிக்கிற மருந்தின் பெயரையே வைத்து டி.டி.டி. என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

அவர் வெளியே வரச் சொன்னது மனிதர்களை அல்ல. மனிதர்கள் அந்த நாற்றத்துக்கு முன்பே ஓடியிருப்பார்கள். பல்லி, ஓணான், தவளை, சிலந்தி இவர்களைத்தான்.

நிற்கத் தெரியாத மனிதர். காக்கி அரைக்கால் சட்டைக்குள் இரண்டு கால்களும் ஆளுக்கொரு ஊருக்குப் புறப்பட்டவைபோலத் துடித்துக்கொண்டே இருக்கும். முதுகில் பம்பு குலுங்கும், பம்புக்குள் மருந்து குலுங்கும். அந்தக் குலுக்கல் தெருமுனையில் கேட்டதும் அம்மா தறியை விட்டு எழுந்து, தறியில் நீள இழுத்துக் கட்டியிருக்கும் பட்டுப் பாவின்மேல் பழைய புடவைகளைப் போர்த்துவாள். பட்டில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தால் சேலை போயிற்று. வேறு மருந்துக்காரர்கள் வந்தால் எங்கள் தெருவே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். டி.டி.டி. மட்டும் கடைசி இழை மூடும்வரை வாசலில் குதித்தபடி காத்திருப்பார். அதனால் அவருக்குக் கதவு திறந்தது.

அவருடைய பெரிய விசேஷம் வேறு. எந்த ஜந்துவையும் சாகவிட மாட்டார், எந்த ஜந்துவையும் தொடவும் மாட்டார். அப்படியொரு பயம். கரப்பான் பறந்தால் அலறுவார். ஆகவே பிடிக்கிற வேலை எங்களுக்கு: எனக்கு, ஐந்து வயதுத் தம்பி முருகேசனுக்கு, எதிர்வீட்டு சரோஜாவுக்கு. அவர் ஆட்டுக்கல்மேல் ஏறி நின்றுகொண்டு சேனாதிபதிபோலக் கை நீட்டுவார்.

பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் ஒரு காலை. வேம்பு பூத்திருந்தது, முருங்கை பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடி ஈரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தன. காற்றுக்கே அன்றைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டி.டி.டி. வழக்கத்தைவிட வேகமாகத் துடித்துக்கொண்டு வந்தார்.

"சூப்ரவைசர் சொல்லிட்டாரும்மா. சாயந்திரத்துக்குள்ள இந்தத் தெரு முடியலைன்னா, நாளைக்கு வேலைக்கே வராதன்ட்டாரு. வூட்ல மூணு பசங்க இருக்குது."

"அப்ப இன்னாத்துக்குப்பா நின்னுக்கினு இருக்கிற? அடிச்சுட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

"அடிக்கிறேன்மா. ஒரே ஒரு வாட்டி பாத்துட்டு..."

அந்த ஒரு வாட்டி ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து புழங்கிய புழக்கடையில் இவ்வளவு ஜனம் குடியிருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்சுவரை ஒட்டிய கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் என்று முருகேசன் சுரண்டப் போனது, நகர்ந்தது. புழு! பக்கத்து இலையில் இன்னொரு எச்சமும் நகர்ந்தது. விறகு அடுக்கைத் தொட்டதும் ஓணான் ஒன்று தலையை ஆட்டி ஆட்டி எங்களிடம் ஏதோ நியாயம் கேட்டது. சரோஜா ஒரு செங்கல்லைப் புரட்டினாள்.

"மெதுவா பாப்பா, மெதுவா! கடிக்குமா?" ஆட்டுக்கல்லிலிருந்து குரல்.

"மரவட்டைண்ணே. கடிக்காது."

"கடிக்காதுன்னு அதுக்குத் தெரியுமா?"

அடுத்த செங்கல்லுக்கு அடியில் பூரான். "இதையும் தூக்கணுமாண்ணே?"

டி.டி.டி. நெடுநேரம் யோசித்தார். "அவரு பெரியவரு. அவரா போவாரு."

பகல் உச்சிக்கு ஏறியது. தெருவில் ஒரு சுவர்கூட நனையவில்லை. வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சூப்ரவைசர் நேராகப் புழக்கடைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யோவ், ஆட்டுக்கல்லு மேல இன்னா பண்ற?"

"இங்கேருந்து நல்லா தெரியுது சார்."

"இன்னும் மொத வூடே முடியலியா?"

"முடிஞ்சிடுச்சு சார். உள்ள ஒருத்தர்தான் பாக்கி."

"யாரு, காய்ச்சல்காரங்களா?"

"தேரை சார்."

சூப்ரவைசருக்கு முகம் சிவந்தது. "கழட்டுய்யா பம்ப! நானே அடிக்கிறேன். நீ அப்படியே ஊரப் பாத்துப் போ."

தேரை இருந்தது தறிக்குழியில், அம்மா காலை வைத்து மிதிக்கும் கட்டைகளுக்கு அப்பால், இருட்டு மூலையில். எங்கள் கைக்கு எட்டவில்லை. முருகேசன் குழிக்குள் தலைகீழாகத் தொங்கிப் பார்த்துவிட்டான். சூப்ரவைசர் பம்பை மாட்டிக்கொண்டு தறி அறைக்குள் வந்தார். "எல்லாரும் வெளிய போங்க!"

டி.டி.டி. எங்களைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்.

அந்தக் கால்கள் ஆடாமல் நின்றதை நான் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன். அவர் எழுந்தபோது இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தேரை. அது பயத்தில் அவர் சட்டை முழுவதையும் நனைத்துவிட்டிருந்தது.

"பாவம்மா இது" என்றார், கண்ணைத் திறக்காமலேயே. "என்னை விட பயந்துக்கினு இருக்குது."

சூப்ரவைசர் வாயைத் திறந்தார். அதற்குள் முருகேசன், காலையில் கிணற்றடியில் பிடித்துப் போட்ட தவளைகள் நிறைந்த சொம்பை அவர் கையில் திணித்தான். "இத்த கொஞ்சம் புடிச்சுக்கோ சார். நான் தேரைய வாங்கிக்கறேன்."

அரசாங்க உத்தியோகஸ்தர் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து டி.டி.டி.யைத் திட்டித் தீர்த்த அம்மா, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், இந்தத் தெருவுல மருந்துக்காரங்களுக்கு யாரும் கதவத் தொறக்க மாட்டோம். பட்டு கெட்டுப்பூடும். இவருக்குத்தான் தொறந்தோம். இவர அனுப்பிச்சிட்டு வேற ஆளக் கூட்டிக்கினு வாங்க, ஒவ்வொரு வூட்லயும் பூட்டு தொங்கும். அத்தையும் பாருங்க."

சொம்புக்குள்ளிருந்து ஒரு தவளை தன் பங்குக்கு ஏதோ சொன்னது. சூப்ரவைசர் உள்ளே எட்டிப் பார்த்தார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

"இனிமே நீ பம்பத் தொடக்கூடாது" என்றார். "மருந்தடிச்ச தேதிய வூட்டுச் செவுத்துல எழுதற வேலைக்குப் போ. அதுலயாவது உயிரு கியிருன்னு பேசாத."

மிச்சத் தெருவுக்கு சூப்ரவைசரே மருந்தடித்தார். பிள்ளைகள் படை வாளியும் முறமுமாக அவருக்கு முன்னால் வீடு வீடாக ஓடியது. "ஆச்சா? அடிக்கலாமா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் அடித்தார். மருந்து நாற்றம் போன பிறகு தேரையைக் குழியில் கொண்டுபோய் விட்டோம்.

அடுத்த முறை டி.டி.டி. ஒரு தூரிகையும் நீலப் பெயிண்ட் டப்பாவுமாக வந்தார். துடித்துக்கொண்டே எழுதினார், துடித்துக்கொண்டே போனார். அவர் போன பிறகுதான் கவனித்தோம். எங்கள் வீட்டுத் தேதியில் எட்டு முழுதாக இல்லை, நடுவில் விரலகலத்துக்கு வெறுஞ்சுவர். அந்த இடைவெளி வழியாக எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அம்மா, "அந்த எழுத்து மேல மட்டும் பூசாதப்பா" என்றாள்.

"ஏம்மா?"

"எறும்பு போவுதில்ல."

எறும்புகள் வேறு வழி பார்த்துக்கொண்டு போய் மாதக்கணக்காகியிருந்தது.