பிரேதம், இன்று மாலை ஐந்து மணிக்கு

எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு ரெண்டு பாஷை தெரியும் என்பார்கள். நம்பாதீர்கள். ரெண்டிலும் பாதிப் பாதிதான் தெரியும். அந்த ரெண்டு பாதியும் சேர்ந்தால் ஒரு முழு வம்பு வரும். எனக்கு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கேரளத்துப் பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் நான் தற்காலிக நூலகர். (தற்காலிகம் என்றால், தலைவருக்குக் கோபம் வரும்வரை.) சாயங்காலமானால் ஊரே டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். துப்பறியும் நாவல், காதல் நாவல், பேய் நாவல் எல்லாம் என்னோடு சேர்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

தலைவர் ஞானாபரணம் சார், ரிட்டயரான ஹெட்மாஸ்டர். பேய் நாவலைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"ஏ பிள்ளே, இந்தக் குப்பையைப் படிக்க ஆளுண்டா? எடைக்குப் போடப் போறேன்." (பெண்பிள்ளைகளை எங்கள் ஊரில் 'பிள்ளே' என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"ஆளுண்டு சார்! ஒரே ஒரு சான்ஸ் தாருங்க!"

"சரி. சனியாழ்ச்ச ஒரு கண்காட்சி வை. நானே திறந்து வைக்குதேன். ஆளு வந்தா குப்பையும் இருக்கும், நீயும் இருப்ப. வரல்லேன்னா ரெண்டும் வெளியே."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஊர் டிவியை விட்டு எழும்பாதென்றால், அலமாரியை டிவிக்குள் கொண்டுபோனால் என்ன! லோக்கல் கேபிள் நடத்தும் ஜஸ்டினிடம் ஓடினேன். கல்யாண வீடியோவும் எடுப்பவன். நாவல் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, இடையிடையே விளம்பர வரிகள் போட்டு, சனிக்கிழமை காலை முழுக்க ஓட்டுவது என்று திட்டம். (இப்போது இதை மெய்நிகர் கண்காட்சி என்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் பேர் ஜஸ்டின்.)

"நீ எழுதித் தா மக்கா, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். பேய்க்கு மலையாளத்தில் பிரேதம் என்பார்கள். 'பிரேதம் வாசகசாலையில்!' என்று எழுதியபோது எனக்கே முதுகு சிலிர்த்தது. அதே வரியை அப்படியே தமிழ் எழுத்திலும் எழுதிக் கொடுத்தேன். தமிழில் பிரேதம் எழும்பி நடமாடாது என்பது அந்த ஆவேசத்தில் எனக்கு ஓடவில்லை.

ஜஸ்டின் தன் பங்குக்கு, திறந்து வைக்கும் சாரின் கறுப்பு வெள்ளை போட்டோவைப் போட்டு, அதற்குக் கீழேயே என் வரியை நேரமும் சேர்த்து ஓட்டினான்: 'பிரேதம், இன்று மாலை ஐந்து மணிக்கு வாசகசாலையில். அனைவரும் வருக.' பின்னணிக்கு அவனிடம் இருந்தது ஒரே ஒரு வயலின் கேசட். அழுதுகொண்டே இருக்கும் வயலின்.

அன்று விடியற்காலையிலேயே சார் திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரி போனதை ஊரே பார்த்திருந்தது. கண் பரிசோதனைக்குத்தான். அது யாருக்குத் தெரியும்?

நாலரைக்கே கூட்டம்! ஆரியங்கோட்டிலிருந்து ஜீப், திருப்புறத்திலிருந்து வேன். சர்ச் சபைக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். எல்லாரும் வெள்ளை உடுப்பு. பேய் நாவலுக்கு இவ்வளவு மரியாதையா! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் மலர்வளையம்கூடக் கொண்டுவந்தார். (வாசலை அலங்கரிக்க! என்ன நல்ல மனசு!)

கமிட்டியில் சாரோடு வருஷக்கணக்காகப் பேச்சே இல்லாத தங்கப்பன் அண்ணன், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்க கெடத்தியிருக்கு?"

"உள்ள மேசையிலயாக்கும் அண்ணா! வரிசையா நிரத்தி வச்சிருக்கேன்!"

"நிரத்தியா?"

"ஆமா! தொட்டுப் பாக்கலாம். பிடிச்சா வீட்டுக்குக் கொண்டு போலாம். ஆளுக்கு ஒண்ணுதான். பதினாலு நாளு வச்சுக்கிடலாம், கிழியாம திருப்பித் தரணும்!"

சபைக்கார அம்மா ஒருவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்நேரம் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்டபடி சார் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். மலர்வளையத்தைப் பார்த்தார்.

"எலே, யாரு செத்தது?"

தங்கப்பன் அண்ணன்தான் வாய் திறந்தார். "நீருதான். டிவியில போட்டானே."

அவ்வளவுதான். ஒரு அலறல்! தமிழ்ப் பிரேதத்தைப் பார்க்க வந்தவர்கள் மலையாளப் பிரேதத்தைக் கண்டு ஓடினார்கள். ஓடத் தெம்பில்லாதவர்கள் மட்டும் நின்றார்கள். விஷயம் விளங்கியதும் எல்லார் கண்ணும் என்மேல். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது.

சார் தங்கப்பன் அண்ணனிடம் போனார். "நீ எனக்காட்டு அழுதியாடே?"

"அழுதுட்டேன். இப்பம் வருத்தப்படுதேன்."

சார் என் பக்கம் திரும்பினார். வேலை போச்சு என்று முடிவு செய்துவிட்டேன்.

"ஆளு வந்துதா, பிள்ளே?"

"வந்துது… சார்."

"சொன்னா சொன்னதுதான். குப்பை இருக்கட்டும். நீயும் இரு." மேசையிலிருந்து தடியான பேய் நாவலாகப் பார்த்து எடுத்தார். "மொதல்ல இத எனக்க பேருல எழுது. செத்தவன் எப்பிடி நடக்கணுமுன்னு தெரிஞ்சுக்கிட வேண்டாமா?"

ஓடியவர்கள் மறுநாள் கூச்சத்தோடு திரும்பி வந்தார்கள். பேய் நாவல் அலமாரி ஒரே வாரத்தில் காலி!

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் என்ன சேதி சொன்னாலும் ஒரே கேள்விதான்: "தமிழ்லயா, மலையாளத்துலயா?" கொஞ்ச வருஷம் கழித்து சாரின் மகன் போன் செய்தான். "அக்கா, அப்பாவுக்க பிரேதம் நாளைக்கு மூணு மணிக்கு எடுக்குதோம்" என்று விம்மினான். 'ஐயோ, சார்!' என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் பாழாய்ப்போன நாக்கு முந்திக்கொண்டது.

"தமிழ்லயா, மலையாளத்துலயா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான்: "தமிழ்லயாக்கும் அக்கா. மலையாளத்துல வந்தாருன்னா, மொதல்ல உங்க வாசகசாலைக்குத்தான் வருவாரு."