யூ-டர்ன் அடிக்காத பள்ளி வேன்

இந்தியாவிலேயே ரயிலைக் கண்ணால் பார்க்காமல் ரயில் ஓட்டிய ஒரே மனிதர் டேசன்தான். பெரம்பலூரில் தண்டவாளம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் அரியலூருக்குப் போக வேண்டும். டேசன் போனதில்லை. அவர் ஓட்டியது பள்ளி வேன். அதில் என் மகள் யாழினி உட்பட ஏழு குழந்தைகள் போனார்கள். வேன் நிற்கும் தெருமுனைகளையெல்லாம் ரயில் ஸ்டேஷன் கணக்கில் ‘டேசன்’ என்றே சொல்வதால் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் லைசென்ஸில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு புத்தகம். நீராவி என்ஜின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பழைய ஆங்கிலக் குழந்தைகள் புத்தகம்; பல தலைமுறைப் பிள்ளைகள் படித்தது. யாரோ வேனில் விட்டுப்போன பிரதி அவர் கையில் சிக்கியது. டேசனுக்கு ஆங்கிலம் வராது. படம் வரும். இரண்டு என்ஜின்கள் ஒரே கொட்டகையில் நின்றால் அவை பங்காளிகள். கொட்டகை இன்னும் பாகம் பிரியவில்லை. ஓர் என்ஜின் தனியாக நின்றால், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்ற கோபம். இந்தக் கதைகளைத் தினமும் காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொல்வார். சுவாரசியமான இடம் வந்தால் வேகம் குறையும். சோகமான இடம் வந்தால் வண்டியே நின்றுவிடும்.

நான் செய்தித்தாளில் வேலை பார்ப்பவன். ஒருவருடைய இனிஷியல் தப்பாக அச்சானால்கூட மறுநாள் திருத்தம் போடுகிற பிழைப்பு. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்.

“ஏங்க, என்ஜின் பேசும்னு பிள்ளைங்ககிட்ட சொல்றீங்களே, நியாயமா?”

“சார், உங்க கையில இருக்கற போனு ‘லெஃப்ட்ல திரும்பு’ங்குது. உள்ளங்கை அகலத்துக்கு இருக்கறது பேசலாம், அம்மாம் பெரிய என்ஜின் பேசக் கூடாதா?”

யாழினியைத் தூக்கி உள்ளே ஏற்றினேன். பள்ளியில் பெல் அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வேனையும் ரயிலாகவே நடத்தினார். கடைசி இருக்கைப் பிள்ளை பச்சைத் துணி காட்டாமல் வண்டி நகராது. ஷூ மாட்டத் தாமதமாகி, வண்டி நம் வீட்டைத் தாண்டிப் பத்தடி போய்விட்டால் போனதுதான். “தண்டவாளத்துல ஏது சார் யூ-டர்ன்? அடுத்த டேசனுக்கு வந்துருங்க!” என்று கத்திவிட்டுப் போய்விடுவார். அடுத்த டேசன் மருந்துக்கடை முக்கு. ஒரு கையில் யாழினி, மறு கையில் டிபன் பை, இடுப்பில் நழுவும் லுங்கி என்று நான் ஓடியதை ஊரே பார்த்திருக்கிறது.

ஒருநாள் எங்கள் வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

“நேத்து சார் கதவைப் படார்னு சாத்துனீங்கள்ல, அதான் கோவிச்சுக்கிச்சு. ஒரு சாரி சொல்லிருங்க.”

“யார்கிட்ட?”

“வண்டிகிட்டதான். முன்பக்கமா வந்து சொல்லுங்க.”

ஏழு குழந்தைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். கிளம்பித் தொலைத்தது.

கடைசியில் பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இனி பெல் அடித்தபின் வந்தால் கேட் திறக்காது. பெற்றோர்கள் மருந்துக்கடையில் கூடினோம். அடுத்த மாதம் முதல் வேறு வேன் என்று முடிவானது. தன் ஒரே வேனை நம்பித்தான் டேசனின் குடும்பம் இருந்தது. மூத்த பெண் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். எல்லோருக்கும் அது தெரியும்.

“நீங்கதான் பேப்பர்காரரு. மனசு நோகாம சொல்லத் தெரியும். நீங்களே சொல்லிருங்க,” என்றார் கடைக்காரர் கலையரசி. அவர் மகன் நிதினும் அதே வேன்தான்.

ஞாயிற்றுக்கிழமை டேசன் வீட்டுக்குப் போனேன். வேனில் ஏழு குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். யாழினியும் இருந்தாள், என் வீட்டில் எனக்கு மட்டும் தகவல் இல்லை. அவரை நிறுத்த முடிவெடுத்த அதே பெற்றோர்கள்தான் புளிசாதம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

“ஏறுங்க சார், அரியலூர் போறோம். என்ஜின் பேசுறதைக் காட்டுன்னு பிள்ளைங்க ஒரே தொந்தரவு.”

“நீங்களே பார்த்ததில்லையே?”

“அதான் சார், எனக்கும் ஒரே படபடப்பா இருக்கு.”

வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பின்னால் ஏழு ஜோடிக் காதுகள் இருந்தன.

அரியலூர் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் வெயிலில் காத்து நின்றோம். தூரத்தில் ஒரு சரக்கு ரயில் தெரிந்தது. டேசன் இரண்டடி முன்னே போய், டவுன் பஸ்ஸை நிறுத்துவதுபோல் கையை நீட்டினார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“என்ன பண்றீங்க?”

“கை காட்டாம எப்புடி சார் நிக்கும்?”

ரயில் வேகம் குறைந்து, என்ஜின் எங்கள் முன்னால் வந்து நின்றது. சிவப்பு சிக்னலைப் பார்த்தவன் நான் மட்டும். குழந்தைகள் பார்த்தது டேசனின் கையை.

மின்சார என்ஜின். புகைபோக்கி இல்லை, புகை இல்லை. இரும்பு பீரோவைப் படுக்க வைத்ததுபோல் இருந்தது. ஒரு நிமிடம் போயிற்று.

“மாமா, இது பேசல. பொய்யா சொன்னீங்க?” என்றான் நிதின்.

டேசன் அவனையும் என்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, என்ஜினைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

“அய்யா, பிள்ளைங்க பெரம்பலூர்லேருந்து வந்திருக்குங்க. ஒரே ஒரு வார்த்தை பேசுங்களேன்.”

மேலிருந்து குரல் வந்தது. “என்னாத்தப் பேசுறது? காலைலேருந்து ஒரு டீ குடிக்கல. சிக்னலுக்கு சிக்னல் நிக்க வெக்கிறானுங்க!”

ஏழு குழந்தைகளும் துள்ளினார்கள். என் உயரத்துக்கு ஜன்னலில் ஓட்டுநரின் முழங்கை தெரிந்தது. அவர்கள் உயரத்துக்கு என்ஜின் மட்டுமே. டேசன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“அப்பா, என்ஜின் பேசுச்சுதானே?” என்றாள் யாழினி.

“ஆமாம்மா,” என்றேன்.

மாலையில் கலையரசி போன் செய்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லைங்க…”

“நல்லதாப் போச்சு, சொல்லாதீங்க. இவன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு, என்ஜினுக்கு டீ குடுக்கப் போவணும்னு நிக்கிறான். வேற வேன்ல ஏறவே மாட்டானாம். பெல்லு அரை மணி முன்னாடின்னு அந்த மனுசன்கிட்ட சொல்லிருவோம். அவரைத் திருத்துறதுக்கு அது சுலபம்.”

மறுநாள் புதுக் கணக்குப்படி ஏழரைக்கே யாழினியோடு தெருமுனையில் நின்றேன். எட்டாகியும் வேன் வரவில்லை. வண்டி தாமதமானால் வழக்கமாக வாயில் வரும் வசவு எதுவும் வரவில்லை. நேற்று அவ்வளவு நேரம் வெயிலில் நின்றாரே, மனிதருக்கு உடம்புக்கு ஏதும் ஆகியிருக்குமோ என்றுதான் இருந்தது.